மணிக்கட்டு, இரண்டு கோணங்களில்

ஏற்காட்டில் எட்டு நாளாக மழை.
கிளியூர் அருவிக்கு இறங்கும் பாறையில் வழுக்கி
இடது கையை வலது கையில் ஏந்தி வந்தான்
ராஜமுந்திரிப் பையன்.
பெயர்?
'எல்டர் கொல்லபள்ளி.'
வயது?
'பத்தொன்பது.'
மூப்பருக்கு மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை.

கூட வந்தவன் எல்டர் ஜெயசீலன்.
'வெளியே நில்லுங்க தம்பி, கதிர் படும்.'
'ஒருத்தரை ஒருத்தர் பார்வையை விட்டுப் பிரியக் கூடாதுங்க, சிஸ்டர்.
ஊழியத்தின் ஒழுங்கு.'
ஈயக் கண்ணாடிக்குப் பின்னால்
என்னருகே நிறுத்திக்கொண்டேன்.

அசையாதே.
ஒரு பொத்தான். ஒரு முனகல்.
இனி கையைப் பக்கவாட்டில் திருப்பு.
ஒரு கோணம் போதாது; நேரே பார்த்தால்
முறிவு சில நேரம் மறைந்துகொள்ளும்.

படம் கழுவிக் காய எட்டு நிமிடம்.
வலியை மறக்க அவன் பேசினான்,
பேசத்தான் அவர்கள் சேலத்துக்கு அனுப்பப்பட்டவர்கள்.
'பிதாவுக்கு உடல் உண்டு, சிஸ்டர்.
சதையும் எலும்பும். தொட்டால் தட்டுப்படும்.
குமாரனுக்குத் தனி உடல்.
ஆவியானவருக்கு மட்டும் இல்லை.
மூன்று பேர். நோக்கத்தில் ஒன்று.'
கண்ணாடிக்கு இப்புறம் ஜெயசீலன்
அதே தாளத்தில் தலையாட்டினான்.

செவ்வாய்ப்பேட்டையில் ஞானோபதேச வகுப்பில்
முழங்காலில் நின்று ஒப்பித்தவள் நான்:
சர்வேசுரன் அரூபி.
தொடக்கம் இல்லை, பாகம் இல்லை,
மூன்று ஆட்கள், ஒரே பொருள்.
எப்படி என்று கேட்டதற்குத்தான்
முழங்காலில் நின்றது.

'அப்படியானால் அவர் ஒருநாள் விழுந்திருப்பாரா?
பாசிப் பாறையில்? உன்னைப் போல?'
பையன் யோசித்தான்.
'அவரும் ஒரு காலத்தில் மனிதராக இருந்தார்,
நாமும் வளர்ந்து அவரைப் போல ஆகலாம் என்று
எங்களில் சொல்வார்கள்.
விழுந்தாரா என்று தெரியாதுங்க.'
'தெரியாது' எனக்குப் பிடித்திருந்தது.
எங்கள் வகுப்பில் அந்தச் சொல்லுக்கு
மதிப்பெண் கிடையாது.

'எங்களிலும் ஒருவர் எலும்போடுதான் மேலே போனார்,
ஆணித் துளையோடு,' என்றேன்.
'ஆனால் அது ஒரு பெண்ணிடம் வாங்கிக்கொண்ட உடம்பு.
இல்லாமலே இருந்திருக்கக் கூடியவர்
வேண்டுமென்றே வாங்கிக்கொண்டார்.
உங்கள் பிதாவுக்கு உடம்பு சொத்து.
எங்கள் மகனுக்கு அது செலவு.'
சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது
நான் இதை நம்புகிறேன் என்று.

மஞ்சக்குட்டை வெள்ளையன்
துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.
'சாமிக்கு எலும்பா?
எங்க சேர்வராயன் மலையாவே கெடக்கறாரு.
பாக்சைட்டுன்னு வெட்டி லாரியில ஏத்துனாங்க,
ஒரு வார்த்தை பேசலியே.'
மூவரும் அவனைப் பார்த்தோம்.
அவன் மறுபடி தரையைப் பார்த்தான்.

படம் வந்தது.
விளக்குப் பெட்டியில் செருகினேன்:
மேக்னசைட் மேட்டைப் போல வெளுத்த எட்டுக் குறுத்தெலும்பு,
கரும் ஆகாயத்தில்.
நேர்கோணத்தில் குறையே இல்லை.
பக்கவாட்டில் ஆர எலும்பு
தோசைக் கரண்டியாய்ப் பின்னால் வளைந்திருந்தது.
'எதுங்க நிஜம்?' என்றான்.
'ரெண்டும் உன் கைதான்.'

இப்படிச் சொல்லி
எல்லாவற்றையும் சமாதானமாக்கிவிட எனக்கு விருப்பமில்லை.
கடவுளுக்கு மணிக்கட்டு இருக்கிறது, அல்லது இல்லை.
இதற்குள் புகுந்து படம்பிடிக்க
எந்தக் கதிரும் என்னிடம் இல்லை,
கண்ணுக்குத் தெரியாத ஒன்றை
இருபத்திரண்டு வருடமாய்ச் சம்பளத்துக்கு
ஏவிக்கொண்டிருந்தும்.

மாவுக்கட்டோடு ஐந்து மணிப் பேருந்தில்
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனார்கள்,
ஒரே இருக்கையில் இருவர்.
ஈயக் கவசத்தைக் கழற்றி மாட்டினேன்.
கோவில் மணி அடித்தது. வழக்கம்போலக் கை உயர்ந்தது.
தந்தை, என்று நெற்றியைத் தொட்டேன்.
மெல்லிய தோல்.
உடனே அடியில்
எலும்பு.